பல் எண்ணும் பட்டறை

மாருதி ஜிப்சியின் பின்புறத்தை ஒருபக்கமாக ஜாக்கியில் தூக்கியிருந்தார்கள். இடது சக்கரம் தரையில், வலது சக்கரம் அந்தரத்தில். டயர் ஓரத்தில் சாக்பீஸ் கோடு ஒன்று, புரொப்பெல்லர் ஷாஃப்டில் இன்னொன்று. "நீங்க சக்கரத்தை ரெண்டு சுத்து முழுசா சுத்துங்க. பையன் ஷாஃப்டை எண்ணிக்குவான்" என்றார் மேஸ்திரி. சுற்றினேன். அடியில் படுத்திருந்த பையன், "நாலுக்குக் கொஞ்சம் கம்மிங்ணா" என்று குரல் கொடுத்தான்.

"அப்ப ரேஷியோ மூணு புள்ளி ஒம்போது."

எதற்கு இரண்டு சுற்று? ஒரு சக்கரம் அசையாமல் நின்றால், மற்றது இரண்டு முறை சுற்றும்போதுதான் அச்சின் பெரிய பல்சக்கரமான கிரவுன் ஒருமுறை சுற்றும். டிஃப்ரன்ஷியல் என்பதன் சூட்சுமமே அதுதான் என்று பிறகு புரிந்தது. எத்தனையோ விளக்கப்படங்கள் பார்த்தும் பிடிபடாதது, கையில் கரி ஒட்டியதும் பிடிபட்டது.

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம், தகரக் கூரை போட்ட பட்டறை. கார் பந்தயத்துக்கு இந்த ஊர் புதிதல்ல. ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கரிவரதன் இங்கிருந்தவர். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. மேஸ்திரி பந்தயப் பக்கத்து ஆளல்ல. நாமக்கல்லில் லாரி ஹவுசிங் பிரித்துத் தொழில் கற்றவர். 41 பல் கிரவுனைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியன் 6 பல்லா, 7 பல்லா என்று லாரிக்காரர்கள் கேட்டு வருவார்களாம். முன்னது 6.83, பின்னது 5.86. மலையேறும் பாரவண்டிக்கு முதலாவது, நாற்கரச் சாலையில் ஓடுவதற்கு இரண்டாவது. 42 பல் வைத்தால் 6-ஆல் சரியாக வகுபடும். அதே பல் அதே பல்லோடுதான் திரும்பத் திரும்ப உரசும். 41 என்றால் ஒவ்வொரு பல்லும் எல்லாப் பற்களையும் சந்தித்துவிடும், தேய்மானம் சமமாகப் பரவும். பட்டறையில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது.

ஜிப்சியின் சொந்தக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தீர்மானத்தோடு வந்திருந்தார். 31 அங்குல டயர், அதற்கேற்ற இழுவை ரேஷியோ, பின் அச்சில் எல்எஸ்டி எனும் லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல். மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை.

"வாரத்துல ஏழு நாளும் வண்டி எங்க ஓடுதுங்க தம்பி?"

"அவிநாசி ரோட்டுல ஆபீஸுங்ணா. சனி, ஞாயிறு வால்பாறை. அப்புறம், மண் ரேஸ் ஒண்ணு ரெண்டு."

மேஸ்திரி சாக்பீஸை எடுத்துத் தரையில் எழுதினார். இப்போதைய டயரின் உயரம் 668 மில்லிமீட்டர், கேட்கும் டயர் 787. ஏறத்தாழ 18 சதவீதம் பெரியது. முள் 60 காட்டும்போது வண்டி 70-ஐத் தாண்டி ஓடும். இழுவை அதே விகிதத்தில் குறையும். பழைய இழுவை வேண்டுமென்றால் 3.9 போய் 4.6 வர வேண்டும். "வரட்டுமுங்க. ஆனா இது ஃபோர் வீல் வண்டி. பின்னாடி மாத்துனா முன்னாடியும் மாத்தோணும். ரெண்டு பக்கமும் வேற வேற ரேஷியோ வெச்சு ஃபோர் வீல் போட்டீங்கன்னா, ஒண்ணையொண்ணு முறுக்கிக்கிட்டு உடைஞ்சு போகும்."

இரண்டு கிரவுன் செட் என்றதும் தம்பியின் முகம் சுருங்கியது. பெரிய டயர் ஆசை அங்கேயே முடிந்தது. எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆபீஸ் வாசலில் நிற்கும் வண்டிக்கு எதற்கு அவ்வளவு உயரம்?

மிச்சம் எல்எஸ்டி. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரு பக்கமும் ஒரே விசையைத்தான் பங்கிடும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பின்றிச் சுழன்றால், கெட்டித் தரையிலிருக்கும் சக்கரத்துக்கும் அந்த அற்ப விசைதான் கிடைக்கும். தம்பி கேட்டது பல்சக்கர வகை. ஓசையில்லாதது, தேய்மானம் குறைவு. அது பிடிப்பு குறைந்த பக்கத்து விசையை இரண்டு, மூன்று மடங்காக்கி மறுபக்கம் அனுப்பும். ஆனால் குழியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்?

"பூஜ்யத்தை மூணால பெருக்குனா என்னுங்க வரும்?"

ஆகவே பிளேட் வகை. உராய்வுத் தகடுகளை ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். தூக்கிய சக்கரம் சும்மா சுழன்றாலும் மறுபக்கம் கொஞ்சம் விசை போகும். அந்த அழுத்தத்தை அதிகமாக வைத்தால் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். வால்பாறைச் சாலையில் அப்படி 40 வளைவுகள். அதனால் குறைவாக வைத்தார்.

பிறகு நடந்ததுதான் வேலை. பினியனில் நூலைச் சுற்றி, ஸ்பிரிங் தராசில் மாட்டி மெல்ல இழுத்து பேரிங் இறுக்கத்தைப் பார்த்தார். உள்ளே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று உண்டு. நட்டை ஒரு இழை கூடுதலாக முறுக்கிவிட்டால் தளர்த்திச் சரிசெய்ய வழியில்லை, புதியதுதான் போட வேண்டும். பையன் ஒன்றைக் கெடுத்தான். திட்டு விழவில்லை, டீ வாங்கப் போனான். கிரவுன் பற்களில் நீல மை தடவிச் சுற்றிப் பார்ப்பதற்குப் பெயர் புளூ மேட்ச். மை அழிந்த தடம் பல்லின் நடுவில் விழவேண்டும். முதல் தடவை வேரில் விழுந்தது. பினியனின் ஷிம் தகட்டை மாற்றி, மறுபடி பிரித்து, மறுபடி பூட்டினார். நான்காவது முறை நடுவில் விழுந்தபோது டயல் கேஜ் பற்களுக்கிடையே 0.13 மில்லிமீட்டர் இடைவெளி காட்டியது. வெளியே இருட்டிவிட்டது.

மறுநாள் காலை பட்டறைக்குப் பின்னாலிருந்த ஈரமான காலியிடத்தில் ஓட்டினார்கள். மண்ணில் இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில் தடம் பதிந்திருந்தது. தம்பி சிரித்துக்கொண்டே தார்ச் சாலைக்கு ஏறி வண்டியை முழுதாக ஒடித்தார். பின்னாலிருந்து கட், கட் என்று சத்தம். பதறி இறங்கிவிட்டார்.

"அது அப்படித்தானுங்க பேசும்" என்றார் மேஸ்திரி, கையைப் பழைய பனியன் துணியில் துடைத்தபடி. "பேச்சு நின்னு போச்சுன்னா தகடு தேஞ்சிருச்சுன்னு அர்த்தம், அன்னிக்குக் கொண்டாங்க. இப்ப 500 கிலோமீட்டர்ல ஆயில் மாத்தோணும், மறந்துறாதீங்க. எல்எஸ்டி ஆயிலுங்க, கடைக்காரன் வேற எதையாச்சும் குடுத்தா வாங்கிறாதீங்க."