கடலின் அடிப்பக்கம்

நம் இலக்கியத்தில் கடல் நிறையவே இருக்கிறது. நெய்தல் திணை முழுக்க அதன் ஓசைதான். ஆனால் அநேகமாக எல்லாமே கரையில் நின்று பார்த்த கடல். காத்திருப்பவள் நிற்கிறாள், புன்னை நிற்கிறது, அலை வந்து போகிறது. மதுரைக்காஞ்சியில் கொற்கையின் முத்தும் சங்கு குளிப்பவர்களின் சேரியும் வருகின்றன. குளித்தவன் அடியில் என்ன கண்டான் என்பது வரவில்லை. நாவல்களுக்கு வந்தால், வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) கரை மனிதர்களின் கதை. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) நம்மை மரத்தில் ஏற்றி வெகுதூரம் கொண்டுபோயிற்று. அது பெரிய காரியம், சந்தேகமில்லை. அங்கும் பெரும்பாலும் மேற்பரப்பின் கடல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த யோசனை எனக்கு வந்த இடம் தூத்துக்குடியில் ஒரு வங்கிக் கவுண்ட்டர். நகைக்கடன் விண்ணப்பத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. விவசாயம், வியாபாரம், மாதச் சம்பளம், கூலி, இதர. ஐம்பது வயது தாண்டிய ஒருவர், கண் விளிம்பெல்லாம் சிவந்து, “சங்கு குளிக்கிறது” என்றார். அது ‘இதர’வில் போகும். ஈராயிரம் வருஷத்துத் தொழில் ‘இதர’வில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான், அவரோடு சாயங்காலங்களில் பேச ஆரம்பித்தேன்.

மன்னார் வளைகுடாவின் கரையோரமாக, பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை, 21 தீவுகள் என்பது பழைய கணக்கு. 1986இல் அரசு இவற்றையும் சூழ்ந்த கடலையும் சேர்த்துச் சுமார் 560 சதுர கிலோமீட்டரைக் கடல் தேசியப் பூங்கா ஆக்கியது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. பவள உயிர்களில் மட்டும் 117 வகை என்று எண்ணியிருக்கிறார்கள். கணக்கு வங்கிக்காரனுக்குப் பிடிக்கும்தான். ஆனால் இந்த எண்களை வைத்துக்கொண்டு எதையும் பார்க்க முடிவதில்லை. சுற்றுலாப் பிரசுரம் எழுதுகிறவர்கள் அதனால்தான் ‘கடலடிச் சொர்க்கம்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சொர்க்கத்தை யாரும் பார்த்ததில்லை, எதிர்க்கேள்வி வராது.

அனுமதியோடு போன ஓர் ஆராய்ச்சிப் படகில் எனக்கும் ஒருமுறை இடம் கிடைத்தது. நீந்தத் தெரியாதவன். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் நீருக்குள் வைத்தேன். ஆழம் இரண்டு ஆள் இருக்கும். முதலில் வந்தது காட்சியில்லை, சத்தம். கடுகு பொரிகிற மாதிரி, நாலாபக்கமும், விடாமல். சொடுக்கு இறால்கள் என்றார்கள். பிறகு கிளிமீன் தெரிந்தது. பவளப் பாறையை அது கறுக் கறுக்கென்று கடிக்கிறது; கொஞ்ச தூரம் போய் வாலுக்குப் பின்னால் வெள்ளைத் தூளாக விடுகிறது. தீவுக் கரையின் மணலில் ஒரு பங்கு இப்படித் தின்று கழித்தது. கடற்கரை மணல் பற்றி நாம் எழுதியிருக்கும் வரிகளையெல்லாம் ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன்.

பவளம் என்றால் சிவப்பு என்று கண் பழகிவிட்டது. இதழுக்கு உவமையாகச் சொல்லிச் சொல்லி வந்த வினை. நகைக்கடைப் பவளம் வேறு கடலிலிருந்து, முக்கியமாக மத்தியதரைக் கடலிலிருந்து, வருவது. இங்கே இருப்பதோ பழுப்பு, பாசிப்பச்சை, மங்கின மஞ்சள். மான்கொம்பு மாதிரி ஒன்று, மூளை மாதிரி ஒன்று, அடுக்கின தட்டு மாதிரி ஒன்று. அந்த நிறம்கூடப் பெரும்பாலும் அதனுடையது அல்ல. உடலுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசியின் நிறம். தண்ணீர் அளவுமீறிச் சுட்டால் பாசி வெளியேறுகிறது, எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. 1998, 2010, 2016 கோடைகளில் இங்கே அப்படி வெளுத்தது. அந்த வெள்ளையும் பார்க்க அழகாக இருந்ததாம். படகிலிருந்த பெண் ஒருவர் இதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, மறக்கவும் முடியவில்லை.

முத்துக்குளித்தல் என்றதும் நம்மவர்கள் கயிறு பிடிக்கும் மைத்துனன் கதையைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். கடைசி முத்துக்குளி 1961இல் முடிந்துபோயிற்று. அண்ணாச்சி சொன்னது சங்கைப் பற்றி.

“மேல இருந்து பாத்தா வெறும் மணலு சார். அது உள்ள புதைஞ்சு போவும். போன தடம் கோடு மாரி இருக்கும். கோட்டப் பிடிச்சுப் போவணும். எந்தப் பக்கம் போயிருக்குன்னு தெரியணும்லா?”

எப்படித் தெரியும் என்றேன். கையை மேஜைமேல் வைத்து நகர்த்திக் காட்டினார். அதற்கு வார்த்தை அவரிடமே இல்லை. ஆனால் மற்றவற்றுக்கு இருந்தது. கடலடிப் பாறைப் பரப்பு ‘பார்’. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தொள்ளாயிரம் பார் என்றால் கிழவர்கள் இன்றும் திசை காட்டுவார்கள். சங்கு முட்டையிடும் கூடு, கொம்புபோல முறுக்கிக்கொண்டு மணலில் ஊன்றி நிற்பது, ‘சங்குப்பூ’. நமக்குச் சங்குப்பூ வேலியில் படரும் நீலக் கொடி. ஒரே சொல் கரையில் பூவாகவும் அடியில் பிறப்பாகவும் இருந்திருக்கிறது. புதுக்கவிதைக்காரர்களுக்குப் படிமம் பஞ்சமாகிவிட்டது என்று இந்தப் பக்கங்களில் புலம்பியவர்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

சங்குகுளி சர்க்கார் ஏகபோகமாக இருந்த காலத்தில் வளையத்தில் விட்டு அளப்பார்கள். உள்ளே நுழைந்துவிடும் சிறு சங்கைத் திரும்பக் கடலில் போடவேண்டும். மீதி வங்காளத்துக்கு, வளையலுக்கு. பாதுகாப்பு என்ற வார்த்தை இல்லாத பாதுகாப்பு. பவளத்துக்கு அந்த யோகம் இருக்கவில்லை. சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த சுவர் போனதும் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போயின. வெட்டியது யாருக்காக என்று கேட்டால் ஊரில் பாதி வீட்டுச் சுவர் பதில் சொல்லும். 2001இல்தான் பவளம் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது.

‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ என்று பலகை சொல்கிறது. செயப்பாட்டு வினையின் சௌகரியம், செய்தவன் பெயர் தேவைப்படாது. வெளியே நிறுத்தப்பட்டவன் பெயரும் தேவைப்படாது. தடை வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. தீவுகள் மூழ்கின கதை தெரிந்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் தீவோரத்து ஆழமில்லாத நீர் மூடிய பிறகு, குளிப்பவர்கள் தொலைவுக்கும் ஆழத்துக்கும் போகிறார்கள். கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாகக் காற்று, பல்லில் கடித்தபடி. மேலே வரும் வேகம் தப்பினால் ரத்தத்தில் காற்று குமிழ்விடும். அண்ணாச்சிக்கு இடது முழங்கால் மடங்குவதில்லை. கவுண்ட்டருக்கு முன்னால் நின்றே பேசுவார். இதே கடலில் மூச்சுக்கலம் கட்டிக்கொண்டு பார்க்க இறங்குபவர்களைப் பற்றி அவருக்குக் கோபமில்லை. “அவங்க காசு குடுத்துப் பாக்காங்க, நான் பாக்கதுக்குக் காசு கெடச்சுது,” என்றார்.

அவர் மகன் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். கடலுக்குள் தலையை நனைத்ததில்லை. என் நோட்டில் நாற்பது சொற்கள் சேர்ந்திருக்கின்றன, சிலவற்றுக்கு எழுத்துக்கூட்டலே நிச்சயமில்லை.

சங்குப்பூவை நான் இன்னும் பார்க்கவில்லை. தை, மாசியில் கிடைக்கும், ஒன்று கொண்டுவந்து காட்டுகிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து வட்டி கட்ட வந்தபோது, “அது அங்கனயே கெடக்கட்டும் சார்” என்று சொல்லிவிட்டு ரசீதை மடித்து வாங்கிக்கொண்டார்.