நீத்துப்பெட்டியும் நிர்வாகியும்

சம்பளமில்லாத பதவிக்கும் அதிகாரம் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கிய பின்னர் இதனைக் கண்டேன். 2003 இல் ஆரம்பமான இந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் தொண்டர்களே எழுதுகிறார்கள். அவர்களுள் சிலரை ஏனையோர் கலந்துபேசி, வாக்களித்து நிர்வாகிகளாக்குகின்றனர். கட்டுரையை நீக்கவும், ஒருவரைத் தடைசெய்யவும் நிர்வாகிகளால் முடியும்.

பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை இழைக்கும் முறைபற்றி நான் சில வரிகள் எழுதினேன். அம்மாவிடம் பழகியது. ஆதாரமில்லையென்று நிர்வாகி உடனே அழித்திருக்கலாம். அவரோ, "வணக்கம். இதற்கு நூல் ஏதும் உண்டா? படமும் இருந்தால் நல்லது" என்று கேட்டு எழுதியிருந்தார். நூலகத்தில் தேடிப் பிடித்தேன். படத்திற்கு எங்கள் குசினிப் பெட்டியே போதுமாயிருந்தது.

சகோதரிகளே, நிவாரண வரிசையில் நின்ற எமக்குச் சிறு பதவிக்காரர் விண்ணப்பத்தைத் தள்ளிவிடும் விதம் தெரியும். காரணம் கேட்கவே பயம். இங்கோ நிர்வாகி எதை நீக்கினாலும் எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் அது விழுகிறது. ஏன் என்று யாரும் கேட்கலாம்.

எங்கள் மாதர் சங்கக் கணக்குக் கொப்பியையும் அப்படி மேசையில் வைக்கும்படி சென்ற கூட்டத்தில் கேட்டேன். தலைவி அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.