காட்டுங்கக்கா, பார்க்கலாம்

ஊரூர் ஒல்காட் குப்பத்தை விட்டு பெசன்ட் நகர்ப் பக்கம் ஏறினால் ஒரு சின்ன மருந்துக்கடை. மழை பிடித்து வாடைக் காற்று திரும்பிவிட்டால் இளைப்புக்காரர்கள் வரத்து கூடிவிடும் என்று அங்கே இருக்கும் மருந்தாளுநர் சொல்லியிருந்தார். அவர் வேலை செய்வதைப் பார்க்கத்தான் போனேன்.

மீன் விற்றுவிட்டு வந்த அக்கா ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: “அதே நீல பம்ப் குடும்மா. அடிச்சிக்கினுதான் கீறேன், இளைப்பு வுட மாட்டேங்குது.”

“எப்படி அடிக்கிறீங்க? ஒரு வாட்டி காட்டுங்கக்கா, பார்க்கலாம்.”

இந்த வேலையின் சூட்சுமம் அந்தக் ‘காட்டுங்க’வில் இருக்கிறது. ‘அடிக்கத் தெரியுமா?’ என்று கேட்டால் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை.

அக்கா பம்பை, அதாவது இன்ஹேலரை, குலுக்கவில்லை. வாயைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினார். வெள்ளையாக ஒரு படலம் உதட்டோரம் வழிந்து வெளியேறியது. காசு கொடுத்து வாங்கிய மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டி நின்றுவிட்டது. நுரையீரலுக்குப் போனது சொற்பம்.

மருந்தாளுநர் மருந்தில்லாத மாதிரி பம்ப் ஒன்றை எடுத்தார். நன்றாகக் குலுக்கினார். மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக மூடி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கிய அதே நொடியில் அழுத்தினார். இழுத்து முடித்ததும் மனசுக்குள் பத்து எண்ணும் வரை மூச்சை நிறுத்தினார். கையும் மூச்சும் சேர வேண்டிய அந்த நொடிதான் கஷ்டம். அக்காவுக்கு முதலில் விரல் முந்தியது, அடுத்து மூச்சு முந்தியது. கடைசியில் இரண்டும் சேர்ந்தன. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அதற்குள் கடை வாசலில் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், ஒருவர் சில்லறைக்கு அவசரப்படுத்தினார். நோயாளிக்கு விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015-இல் வந்த மருந்தக நடைமுறை விதிகள் சொல்கின்றன. அதற்கான நேரத்தை அவருக்கு யார் கொடுப்பது?

கருவியில் போட்டு இழுக்கும் பொடிக் குளிகையான ரோட்டாகேப் இன்னொரு தினுசு. மாத்திரை என்று நினைத்துத் தண்ணீர் விட்டு விழுங்கியவர்களும் இங்கே உண்டாம். அதன் பொடியை மெதுவாக இழுத்தால் வராது, வேகமாக ஆழ இழுக்க வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் பொடி கட்டிப்போகும் என்பதால், உபயோகிக்கும்போது மட்டும் டப்பாவைத் திறங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புகிறார்.

இப்படித் தப்பாக உபயோகிப்பது குப்பத்து மக்களின் அறியாமை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1975 முதல் 2014 வரை பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கட்டுரையில், இன்ஹேலரைச் சரியாக உபயோகித்தவர்கள் 31 சதவீதம்தான். அந்த நாற்பது வருடத்தில் அது முன்னேறவும் இல்லை. கையும் மூச்சும் சேராத குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும், பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் இருக்கிறது. அதை வாங்க வசதியில்லாத குழந்தைகளுக்காக, அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பம்பைப் பொருத்தி இடுக்கை அடைத்தால் கடை ஸ்பேசருக்கு நிகராக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இலேயே காட்டினார்கள். நம் ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அக்கா கிளம்பும்போது மருந்தாளுநர் கேட்டார்: “போன பம்ப் எப்போ வாங்கினீங்க?” போன மாதம்தான். அதில் இருநூறு அடி இருக்கும். வருடத்துக்கு மூன்று நீல பம்ப் தீர்ந்தாலே நோய் முற்றி மூச்சுத்திணறல் வரும் ஆபத்து கூடுகிறது. நீல பம்ப் அப்போதைக்கு மூச்சுக்குழாயைத் தளர்த்தும், உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றாது. அதற்குத் தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து வேண்டும், இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். அதை டாக்டர்தான் எழுத வேண்டும். எத்தனை பம்ப் தீர்கிறது என்பதோ டாக்டருக்குத் தெரிவதில்லை, கடைக்காரருக்குத்தான் தெரிகிறது. மருந்தாளுநர் ஒரு துண்டுச் சீட்டில் வாங்கிய தேதிகளை எழுதி, “இதை டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா. அடுத்த மாசம் பம்பையும் கையோட எடுத்துட்டு வாங்க, திரும்ப அடிச்சுக் காட்டணும்” என்றார். சரியாகக் கற்றவர்களுக்கும் நாலு, ஆறு வாரத்தில் முறை தப்பிவிடுமாம்.