சிரட்டையில் கருப்பட்டித் தண்ணீர்

வாடைக் காற்று கிளம்பி, வடகடல் கலங்கி, வள்ளங்களைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிடுகிற மாதங்களில், மண்டபத்தில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் சுக்கைத் தட்டிப்போட்டுக் கருப்பட்டி கொதிக்கிற வாசனை வரும், அதற்கு அடியில் கரையில் ஒதுங்கி அழுகுகிற பாசியின் நெடியும் லேசாக இருக்கும், இரண்டையும் பிரித்து முகர எங்களுக்குத் தெரியாது. இந்த மார்கழியில் அண்ணன் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து, அண்ணி ஆற்றிக் கொடுத்த சுக்குக் காபியை வாயருகே கொண்டுபோனபோதுதான் கொடிக்கம்பியில் தொங்கிய சிவப்பு பிளாஸ்டிக் குப்பியைக் கவனித்தேன், கலிபோர்னியாவில் இருக்கிற அண்ணன் மகன் அனுப்பியது, உள்ளே சீனித் தண்ணீர், கீழே பிளாஸ்டிக் பூக்கள், அந்தப் பூக்களைச் சுற்றி எறும்பு. குருவி ஒன்றும் வருவதில்லை என்றார் அண்ணி. எப்படி வரும், பூவரசும் முருங்கையும் நின்ற கொல்லை முழுக்க இப்போது டைல்ஸ், மத்தியானத்தில் கால் வைக்க முடியாத சூடு, சாயங்காலத்தில் விழுவதற்கு ஒரு நிழல் இல்லாத வெறும் வெளிச்சம்.

பையன் மேல் குறையில்லை, அவன் இருக்கிற ஊரில் அது அர்த்தமுள்ள காரியம். அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்குமில்லாத ஹம்மிங் பறவைகளில் அன்னா என்ற வகை குளிர்காலத்திலும் அங்கேயே தங்கிவிடும், நாலைந்து கிராம்தான் எடை, குளிரும் இரவுகளில் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொண்டு மரத்துப்போய்க் கிடந்து, விடிந்ததும் பெரும் பசியோடு வரும், ஒரு பங்கு சீனிக்கு நாலு பங்கு தண்ணீர் என்று கலந்து அதற்காகத் தொங்கவிடுகிறார்கள், பனி உறைகிற ஊர்களில் அந்தத் தண்ணீர் கட்டியாகாமல் காக்கவும் மெனக்கெடுகிறார்கள். நம் கரையில் மார்கழி ராத்திரியில்கூட இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிது, குளிரால் எந்தத் தேன்சிட்டும் செத்ததில்லை. இங்கே பசி வேறு வழியாக வரும், அது அப்பத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியையும் அங்கே போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் கொண்டுபோன அந்தப் புயலில் எங்கள் வீட்டுக் கூரையும் போயிற்று, ஒரு வாரம் கழித்து வெயில் அடித்தபோது மரத்தில் இலை என்று பார்க்க எதுவுமில்லை, தப்பியதும் உப்புக் காற்றில் தீய்ந்து தொங்கியது, பூ என்ற பேச்சே கிடையாது என்று அப்பத்தா சொல்லும். அப்போது ஒரு தேன்சிட்டு அடுப்படிக்குள் வந்து, கருப்பட்டிப் பானையின் வாயில் கட்டியிருந்த துணியில் உட்கார்ந்து, கசிந்து ஒட்டியிருந்த பாகை நாக்கை நீட்டி நீட்டித் தொட்டதாம். "நமக்காச்சும் சர்க்காரு அரிசி குடுத்துச்சு, அதுக்கு யாரு குடுப்பா" என்று அப்பத்தா ஒரு சிரட்டையில் கருப்பட்டியைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றி, சிட்டு உட்கார ஈர்க்குச்சியைக் குறுக்கே செருகி, மிஞ்சி நின்ற தூணில் கட்டியிருக்கிறது. ஒன்று நாலாயிற்று, நாலு எத்தனையோ ஆயிற்று. மொட்டை முருங்கை தளிர்விட்டு முதல் கொத்துப் பூத்த அன்றைக்குச் சிரட்டையை அவிழ்த்துவிட்டது, "பூ வந்துருச்சு, இனிமே அது வழிய அது பாத்துக்கும்."

நான் வளர்ந்த காலத்தில் அப்பத்தா சிரட்டை வைத்துப் பார்த்ததில்லை, ஆனால் அந்த வீட்டில் சிட்டுக்கென்று நடந்த சில காரியங்கள் உண்டு, யாரும் அதைப் பறவைக்குச் செய்வதாகச் சொல்லிக்கொண்டதில்லை. பொரியலுக்கு முருங்கைப்பூ உலுப்பும்போது கிழக்குக் கிளையைத் தொடாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில் சாய்ப்புக்கு அடியிலுள்ள ஒட்டடையை மட்டும் அடிக்க விடாது, கேட்டால், கூடு கட்ட அதுக்கு நூல் வேணும்ல என்று சொல்லும். உண்மையும் அதுதான், தேன்சிட்டின் கூடு சிலந்தி நூலால்தான் நிற்கிறது, கொடியின் நுனியிலிருந்து தொங்கும் சின்னப் பை, அதில் நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு, கம்பளிப்பூச்சியின் எச்சம்கூட ஒட்டியிருக்கும், வாசலுக்கு மேலே நம் வீட்டுத் தாழ்வாரம் மாதிரி ஒரு சின்ன இறக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் காற்றில் சிக்கிய குப்பை என்றுதான் தோன்றும். கூடு தொங்குகிற கொடியில் குஞ்சு பறக்கும் வரை துணி காயப்போடக் கூடாது, ஈர வேட்டிகள் எல்லாம் வேலியில் கிடக்கும், தாத்தா முணுமுணுத்துக்கொண்டே முள்ளில் மாட்டிய வேட்டியை எடுத்துக் கட்டும்.

தாத்தாவுக்குக் கேம்ப்பில் வேலை. மண்டபம் கேம்ப் என்றால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நோய்க்காகத் தடுத்துவைத்துப் பார்த்து அனுப்பிய இடம், பின்னால் அகதிகள் வந்து இறங்கிய இடம், நடுவில், 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் வந்து அமர்ந்த இடம். தாத்தாவின் சட்டையில் எப்போதும் ஃபார்மலின் நெடி இருக்கும், கண்ணாடி ஜாடிகளில் வெளிறிப்போன மீன்கள் மிதக்கிற அறையைத் துடைத்துவிட்டு, மத்தியானச் சோற்றை வெளியே செம்பருத்தி வேலியோரம் உட்கார்ந்துதான் தின்னும், என்னையும் கூட்டிப்போன நாட்களில் வாய்க்குள் சோற்றோடு அந்த வேலியைக் காட்டும். சிட்டு செம்பருத்தியின் வாய் வழியாகப் போகாது, பூவின் அடியில், புல்லிவட்டத்துக்குப் பக்கத்தில் அலகால் குத்தித் தேனை எடுத்துவிட்டுப் போய்விடும், அது போனபிறகு பூவைத் திருப்பிப் பார்த்தால் ஊசிமுனை அளவு ஓட்டை தெரியும். மழைக்காலத்தில் ஊதாத் தேன்சிட்டின் சேவல் தன் கருநீலத்தை உதிர்த்து, வயிறெல்லாம் மஞ்சளாகி, தொண்டையிலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்ச, அங்கங்கே ஒட்டுப்போட்டதுபோல் திரியும். "சட்டையக் கிழிச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, தை பொறந்தா புதுசு போட்டுருவான்" என்று தாத்தா சொல்லும், போட்டுவிடுவான், வெயிலில் திரும்பும்போது அந்தக் கருநீலம் ஒரு கணம் பச்சையடித்து மின்னும்.

பாம்பன் தீவில், தங்கச்சிமடத்தில் தாத்தாவின் தங்கை இருந்தது, நாங்கள் சின்னத்தா என்போம். 1988இல் சாலைப் பாலம் திறப்பதற்கு முன்பு தீவுக்கு ரயிலில்தான் போகவேண்டும், 1914இல் திறந்த பாம்பன் பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்து போகையில் துருவும் உப்புமாக ஒரு வாசனை ஜன்னல் வழியே முகத்தில் அப்பும், கிழவிகள் கடலில் காசு போட்டுக் கும்பிடுவார்கள். சின்னத்தா மல்லிகை நாற்று வளர்த்தது, தங்கச்சிமடத்து நாற்று எங்கெங்கோ ஊர்களுக்குப் போகும், விடியற்காலையில் பாத்திகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுக் குடத்தைக் கவிழ்க்கும்முன் வாழை இலைமேல் ஒரு கை அள்ளி வீசும். அது எதற்கென்று கொஞ்ச நேரத்தில் தெரியும், சிட்டுகள் இறங்கி அந்த ஈர இலையில் வழுக்கிப் புரண்டு குளிக்கும், குளித்த பின் வாழைப்பூவுக்குப் போகும். அங்கே வந்தவற்றில் ஒன்றின் அலகு மற்றவற்றைவிட நீண்டு, நன்றாக வளைந்திருக்கும். அதற்கு லோட்டன் தேன்சிட்டு என்று பெயர் என்பதைப் பல வருடம் கழித்துப் புத்தகத்தில் படித்தேன், லோட்டன் என்பவர் 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்தவர், அந்தத் தீவின் பறவைகளைப் படமாக வரையச் செய்தவர், 1766இல் லின்னேயஸ் அவர் பெயரை இந்தச் சிட்டுக்கு வைத்தார். சின்னத்தாவின் வாழைத் தோப்பிலிருந்து பார்த்தால் அந்த இலங்கை ஒரு கூப்பிடு தூரம்.

அந்த நாற்றுப் பாத்திகளில் பாதி இப்போது தங்கும் விடுதி, 2025இல் திறந்த புதுப் பாலத்தில் ரயில் சீக்கிரமே கடந்துவிடுகிறது, காசு எடுத்துக் கும்பிட நேரம் போதாது. சுக்குக் காபி ஆறிவிட்டிருந்தது. குப்பியைப் பற்றி அண்ணன் கேட்டார், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், சிட்டுக்குத் தேன் மட்டும் போதாது, குஞ்சுக்குச் சிலந்தியும் சின்னப் பூச்சியும்தான் ஊட்டும், பூவும் பூச்சியும் இல்லாத இடத்தில் சீனித் தண்ணீரைத் தொங்கவிட்டு அதைக் கூப்பிடுவது நியாயமில்லை. சுவரோரம் ஒரு வரிசை டைல்ஸைப் பெயர்த்தோம், கீழே இன்னும் அதே வெள்ளை மணல்தான், மழை ஈரம் காய்வதற்குள் வேதாளையிலிருந்து முருங்கைப் போத்து வாங்கிவந்து ஊன்றி, நுனியில் சாணம் அப்பிவிட்டாயிற்று, பக்கத்தில் ஒரு செம்பருத்தியும். குப்பியைத் தூக்கிப் போடவில்லை, கழுவிப் பரணில் வைக்கச் சொன்னேன், பாம்பனில் பெரிய புயல் கூண்டு ஏற்றுகிற வருடம் வராமலா போகும், பூவெல்லாம் உதிர்ந்தபின் அது தேவைப்படும்.

அண்ணிக்குத்தான் கவலை, அடுத்த மழைக்குக் கம்பளிப்பூச்சி மரம் முழுக்க அப்பி, சுவரேறி அடுப்படிக்கு வரும் என்று. வரும்தான், ஆனால் மருந்து அடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், பூவுக்கு வருகிற சிட்டு அந்த விஷத்தையும் சேர்த்தல்லவா குடிக்கும். அப்பத்தா கந்தலைக் குச்சியில் சுற்றிப் பந்தம் கொளுத்தி, அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருப்பதை மட்டும் பொசுக்கும், மேலே ஏறிப்போனதை விட்டுவிடும். அண்ணன் இப்போதே பழைய வேட்டி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.