துப்பாக்கியும் காத்தும்

துப்பாக்கின்னதும் பயப்படாதீங்க, ஏர் ரைபிள்தான். கோயில் கொடையில பலூன் சுடுவோமே, அந்த ரகம். கொடைக் கடைத் துப்பாக்கில குறி எப்பவும் கோணலாத்தான் இருக்கும். நேரா சுடுற ஒண்ணு சொந்தமா வேணும்னு எட்டாம் வகுப்புலயே ஆசை.

2016 ஆயுத விதிகள்படி 0.177 அங்குலக் குழலுக்கும் 20 ஜூலுக்கும் மேல போகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். பிரிண்ட் எடுத்து அப்பாகிட்ட நீட்டினேன். அவர் படிக்கவே இல்ல.

"ஏல, 2012ல நம்ம ஊர்ல எத்தன போலீஸ் நின்னுச்சு, மறந்துட்டியா? அணு உலை இருக்க ஊர்ல துப்பாக்கிப் பெட்டியோட பஸ்ஸ விட்டு எறங்கப் போறியா?"

எங்கிட்ட பதில் இல்ல. கடைசியில ஒரு உடன்படிக்கை: துப்பாக்கி வள்ளியூர் மாமா தோட்டத்துலயே இருக்கும், கூடங்குளத்துக்கு வராது. மயில், அணில் பக்கம் திருப்பவே கூடாது.

குழலை மடக்கினா உள்ள ஸ்பிரிங் இறுகும். ஒரு ஈயக்குண்டை வச்சு, நிமித்திச் சுடணும். ஒரு தடவைக்கு ஒண்ணுதான். இருபது தடவை மடக்கினதுல மறுநாள் பேனா பிடிக்க முடியல :-)

மண் மூட்டைக்கு முன்னால அட்டையை நட்டு, பத்து மீட்டர்ல நின்னேன். 2008ல அபினவ் பிந்த்ரா ஒலிம்பிக் தங்கம் வாங்கினது இதே தூரத்துல. அங்க பத்துப் புள்ளி தர்ற பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர். எனக்கு அட்டையில பட்டதே பெரிசு. அவங்க சுடுறது கூரைக்குக் கீழ. இங்கயோ காத்தாடி நட்டு கரண்ட் எடுக்குற காத்து! ஆடி மாசம் துப்பாக்கி கையிலயே நிக்கல.

வேவு பார்க்க வந்த அப்பா பின்னால உக்காந்திருந்தார். நான் குறி வைக்கவும் மெதுவா சொன்னார்: "இருல. காத்து அடங்கட்டும்."