கல்யாணப் பாய்

ஆனி மாதம் தென்காசியில் கல்யாணம் என்று பத்திரிகை வந்தால், பாதிப் பேர் குற்றாலத்தை நினைத்துத்தான் டிக்கெட் போடுகிறார்கள். இந்த முறை காலைப் பந்தியிலேயே செய்தி வந்துவிட்டது: மலையில் நல்ல மழை, வெள்ளப்பெருக்கு, மெயினருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை. எண்ணெய் பாட்டிலும் துண்டுமாகச் சென்னையிலிருந்து வந்திருந்த கூட்டம் கலைந்தது. கடல் பார்த்தே தீருவோம் என்று அடம்பிடித்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் திருச்செந்தூருக்குப் போயிற்று. பெரியவர்கள் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனார்கள். பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். நெடுங்காலம் சிதைந்து கிடந்த ராஜகோபுரம் 1990இல்தான் மறுபடி எழும்பி நின்றது. அந்த வாசலில் அடிக்கிற காற்றுக்காகவே போகலாம். மற்றவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, பிரானூர் பார்டர் புரோட்டா.

நான் மேடைக்குப் பக்கத்தில் இருந்த சீர்த் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பித்தளைக் குத்துவிளக்குக்கும் மிக்சிக்கும் நடுவே ஒரு பாய். ஓரத்தில் சிவப்பும் பச்சையும், நடுவில் மணமக்கள் பெயரும் முகூர்த்தத் தேதியும். தொட்டால் கோரை என்று நம்ப முடியவில்லை. வேட்டியைப் போல மடிந்தது. “பத்தமடைப் பாய்லா! சாப்ட்டுட்டு வாங்க, நெய்யுத வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்” என்றார் பெண்ணின் தாய்மாமன்.

கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர். ஒவ்வோர் ஊரிலும் இறங்க ஆசைதான், முக்கியமாகப் பாரதி குடியிருந்த கடையத்தில். நேரமில்லை. பத்தமடைக்குள் நுழைகிற இடத்தில் சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் இது என்று தாய்மாமன் சொன்னார். அதற்குமேல் அவருக்கும் பேச்சு பாயைப் பற்றித்தான்.

நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். நாங்கள் போன வீட்டில் அறுபதை எட்டிய ஒருவர் தரையில் இருந்தார். தாய்மாமன் அவரை லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார். நானும் அப்படியே கூப்பிட்டேன். “வாங்க தம்பி, பாய மிதிக்காம அந்தால போய் இருங்க” என்றார். அவர் உட்கார்ந்திருந்ததே பாயின் மேல்தான். நெய்து முடித்த பகுதியில் உட்கார்ந்துகொண்டு, நெய்ய வேண்டிய பக்கமாக நகர்ந்து போகிறார்.

தாமிரபரணிக் கரையில் வளர்ந்த கோரையைப் பச்சையாக அறுத்துக் கீறிக் காயவைக்கிறார்கள். பிறகு ஓடுகிற தண்ணீரில், முன்பெல்லாம் கன்னடியன் கால்வாயில், ஒரு வாரம் போல ஊறப்போட்டு, உப்பியதும் எடுத்து மறுபடி காயப்போடுகிறார்கள். லாத்தா ஒரு கோரையை எடுத்து, சின்னக் கத்தியால் நுனியைக் கீறி, கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பில் கடைசிவரை கிழித்தார். உள்ளேயிருந்த வெள்ளைச் சோற்றை வழித்து எறிந்தார். மிஞ்சியதை மறுபடி கிழித்தார். பட்டுப் பாய் என்கிற மெல்லிய ரகத்துக்கு அப்படி வேண்டும். சாயம் போடுவதைப் பற்றியும் நிறையச் சொன்னார். பதிமுகக் கட்டையை வேகவைத்துச் சிவப்பு எடுத்த காலம் போய், இப்போது பாக்கெட் சாயம் என்பது மட்டும்தான் எனக்கு நின்றது.

அச்சைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பாயின் அகலத்துக்கு ஒரு மரச் சட்டம், வரிசையாகத் துளை, துளைக்குள் பாவு நூல். இந்தப் பக்கம் சாய்த்தால் ஒன்றுவிட்டு ஒரு நூல் மேலே வருகிறது. அந்தப் பக்கம் சாய்த்தால் மற்றவை. இடையில் நீளக் குச்சியில் கோரையைக் கோத்து விட்டு, அச்சை இழுத்து ஓர் அடி. சாய்ப்பு, கோரை, அடி. கால்மணி நேரம் பார்த்தேன்; பாய் ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை. கை படுகிற இரண்டு இடங்களில் மரம் குழிந்து, வழவழவென்று கறுத்திருந்தது.

“இது எங்க மாமி அச்சு” என்றார். லாத்தா மேலப்பாளையத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண். கல்யாணமாகி வந்ததும் மாமியார் இந்த அச்சின் ஒரு பக்கத்தில் உட்கார வைத்தார். “பீடிக்கு விரல் போதும் தம்பி. இதுக்கு இடுப்பு வேணும்.” நூறு, நூற்றிருபது கவுண்ட் பாய்க்கான அச்சில் துளை இன்னும் நெருக்கம், இப்போது அதைச் செய்து தர ஆளைத் தேட வேண்டியிருக்கிறது என்றார். மகள் பி.காம். முடித்துத் திருநெல்வேலியில் செல்போன் கடையில் கணக்குப் பார்க்கிறாள். அவளுக்குத் தறியில் உட்காரத் தெரியாது. வருத்தமா என்று கேட்டேன். “நல்லதாப் போச்சு” என்றார்.

லாத்தாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பெயர்களைக் காகிதத்தில் எழுதி அனுப்புகிறார்கள். நூலை எண்ணி, எழுத்து வருகிற இடத்தில் மட்டும் சாயக் கோரை தெரியும்படி விடுகிறார். “டி, எச் எல்லாம் நேரா போயிரும். எஸ்ஸுதான் வில்லங்கம் புடிச்சது. சுரேஷ்னு ஒரு மாப்ள வந்தா எனக்கு ரெண்டு நாள் கூட.”

பேச்சோடு பேச்சாகத்தான் அந்தக் கதை வந்தது. பெயர் போட்ட பாய் ஒன்று நெய்து முடித்த வாரத்தில் அந்தக் கல்யாணம் நின்றுவிட்டது. ஆர்டர் பிடித்துக் கொடுத்த வியாபாரி பாயை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கொடுத்திருந்த கோரைக்கும் நூலுக்கும் உள்ள காசை மட்டும் அடுத்த கூலியில் பிடித்துக்கொண்டார். “வேற யாரு பேருக்கு விக்க?” பாய் சுருட்டியபடி பரணில் கிடக்கிறது.

இதில் எனக்கு ஆத்திரம் வருகிறது. கோரையையும் நூலையும் முன்பணமாகக் கொடுத்து நெய்கிறவரைக் கட்டிப்போடுவது ஒன்று. ஆனால் லாபம் வந்தால் எனக்கு, கல்யாணம் நின்றால் உனக்கு என்பது என்ன கணக்கு? லாபம் எடுக்கிறவரிடம் அல்லவா நஷ்டமும் இருக்க வேண்டும்? பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அது ஊரின் பெயரைக் காப்பாற்றும். லாத்தாவின் கூலியைக் காப்பாற்றுகிற வேலை அந்தச் சான்றிதழுக்கு இல்லை. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் பெருமையாகச் சொல்கிறார்கள். அதை நெய்தவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்டேன். பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

தென்காசிப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், அருவியில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பகலைப் பத்தமடைக்கு ஒதுக்குங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம்தான். உங்கள் வீட்டிலேயே விசேஷம் என்றால், தேதி குறித்த கையோடு நெய்கிற வீட்டுக்கு நேரே போய்ச் சொல்லிவிடுங்கள். பாதிக் கூலியை முன்னதாக அவர் கையில் கொடுங்கள். கல்யாணம் நின்றாலும் மீதியைத் தருவேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆவணி முகூர்த்தத்துக்குச் சாதாரணப் பாய் வேண்டுமானால் ஆனியிலேயே சொல்லியாக வேண்டும். பட்டுப் பாய் என்றால் தை மாதக் கல்யாணத்துக்குத்தான் கிடைக்கும்.