கல்லில் நெய்த ஜன்னல்

அகமதாபாத்தில் முதலில் எதைப் பார்ப்பது என்று யாரைக் கேட்டாலும் சிதி சையத் மசூதியைத்தான் சொல்வார்கள். 1573-ல் கட்டியது. ஜன்னலில் ஒரு மரமும் அதைச் சுற்றிப் பின்னிய கொடியுமாகக் கல்லைக் குடைந்திருக்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கல் மாதிரியே இல்லை. யாரோ லேஸ் துணியைக் காயப்போட்ட மாதிரி இருந்தது.

அடுத்து காலிகோ மியூசியம். முன்கூட்டியே பதிவு செய்யாமல் போய்விடாதீர்கள், திரும்ப வேண்டியதுதான். சாராபாய் குடும்பம் 1949-ல் ஆரம்பித்தது. நான் அசந்து நின்றது படோலா புடவை முன்னால். நூலாக இருக்கும்போதே பாவு, ஊடை இரண்டையும் கட்டிக் கட்டிச் சாயம் ஏற்றி, அப்புறம்தான் தறியில் ஏற்றுகிறார்கள். ஒரு இழை பிசகினால் பூ கோணிவிடும்!

வெளியே ஆட்டோவோடு காத்திருந்த காகாவிடம் (அங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) என் ஓட்டை ஹிந்தியில் இதையெல்லாம் வர்ணித்தேன். மனுஷர் பேசாமல் வண்டியைத் திருப்பி, நீளமான செங்கல் சுவர் ஒன்றின் முன்னால் நிறுத்தினார்.

"இங்கே பத்து வருஷம் தறி ஓட்டினேன்."

1861-ல் முதல் மில் ஓடிய ஊர். 1918-ல் மில் தொழிலாளர் கூலிக்காக காந்தி உண்ணாவிரதம் இருந்த ஊர். விசைத்தறிப் போட்டியும் பழைய மெஷின்களுமாக எண்பதுகளில் வரிசையாக மூடினார்கள். காகாவின் மில் மூடியது 1988-ல்.

"என்ன படிச்சீங்க?"

"பி.காம்."

"அப்ப சொல்லுங்க. என் பாக்கி வருமா?"

1985 சட்டத் திருத்தப்படி, மூடிய கம்பெனியின் சொத்தை விற்கும்போது தொழிலாளி பாக்கிக்கும் அடமானம் பிடித்த வங்கிக்கும் சம உரிமை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அதையே சொன்னேன்.

"பேங்க் மேனேஜரும் ஆட்டோ ஓட்டறாரா?" என்றார்.

சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து இங்கிலீஷில் கடிதம். வேலை பார்த்ததற்கு அத்தாட்சியாக மில் டோக்கனைக் கொண்டுவரச் சொல்லியிருந்தது.

"அதைத்தான் கடைசி நாள் கேட்டிலேயே வாங்கிக்கிட்டாங்களே!"

நடைபாதையில் உட்கார்ந்து, சம்பளப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி இரண்டு பக்கம் பதில் எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தால் போன் செய்கிறேன் என்று என் நம்பரைக் கவர் மேலேயே குறித்துக்கொண்டார்.

நாலு மாசம் ஆகிறது. தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுக்கூட ஒருவன் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டான்.